இயல் 5: காரோட்டிலிருந்து ஒரு வேதியியல் பட்டம் – சேர்க்கை முதல் வேலை வரை

காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் ரப்பர் மரம் வைத்திருக்கும் வீடுகளில் காலைதோறும் ஒரு வேதியியல் சோதனை நடக்கிறது. எடுத்துவந்த பாலில் தண்ணீர் சேர்த்து, நீர்த்த ஃபார்மிக் ஆசிட்டை அளந்து ஊற்றிக் கலக்கி, ட்ரேயில் விடுகிறார்கள். பால் உறைந்து கட்டியாகிறது. ஆசிட் குறைந்துபோனால், கட்டியிலிருந்து வடியும் நீர் தெளியாமல் பால் நிறத்திலேயே நிற்கும். அந்த நீரைப் பார்த்ததுமே “ஆசிட் போதவில்லை” என்று அப்பா சொல்லிவிடுவார். அவர் பார்த்துச் சொன்னதை அளந்து, எழுதி, காரணத்தோடு சொல்லப் பழகுவதுதான் வேதியியல் பட்டப்படிப்பு.

பிளஸ் டூ முடித்து இந்தப் படிப்பில் சேர நினைக்கும் எல்லையோர மாணவருக்காகவும் அவருடைய வீட்டாருக்காகவும் இந்த இயல் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வேதியியலில் சான்றிதழை மட்டும் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. பிப்பெட் பிடித்துப் பழகிய கையையும், ஒழுங்காக எழுதிய ரெக்கார்டையும், உரிய நேரத்தில் எழுதிய நுழைவுத் தேர்வையும் பார்த்துத்தான் தருகிறார்கள். மூன்றையும் முதல் ஆண்டிலிருந்தே சேர்த்து வளர்க்க வேண்டும்.

சேரும் முன் மூன்று கேள்விகள்

1. கணக்கைக் கண்டு பயமா? இயற்பியல் வேதியியலில் வகைநுண்கணிதமும் மடக்கையும் வந்துகொண்டே இருக்கும். பயம் இருந்தால் அதற்காகச் சேராமல் இருக்க வேண்டாம். வகுப்பு தொடங்குமுன் இரண்டு மாதம் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் திரும்பப் பாருங்கள்.
2. மூன்று மணி நேரம் நின்றபடி ஒரே சோதனையை மூன்று முறை செய்யப் பொறுமை உண்டா?
3. நீட் தேர்வில் இடம் கிடைக்காததால் மட்டும் வருகிறீர்களா? அப்படியும் வரலாம். ஆனால் அடுத்த ஆண்டு நீட் எழுதிக்கொண்டே முதலாண்டை ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தால் இரண்டும் கெட்டுப்போகும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லையின் எந்தப் பக்கம்?

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. அதனால் காரோட்டு மாணவருக்கு இன்று இரண்டு மாநிலக் கல்லூரிகளும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. இது பெரிய வசதி. தாள்களைச் சரியாக வைத்திருந்தால்தான் அது பயன்படும்.

கேரளப் பக்கம்: தனுவச்சபுரம் வி.டி.எம். என்.எஸ்.எஸ். கல்லூரி, திருவனந்தபுரத்தில் யூனிவர்சிட்டி கல்லூரி, அரசு மகளிர் கல்லூரி, மார் இவானியோஸ் கல்லூரி. 2024 ஜூலை முதல் கேரளப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டமுறை நடப்பில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் முடிவில் 133 கிரெடிட்டோடு பட்டம் வாங்கி வெளியேறலாம்; நான்காம் ஆண்டும் படித்தால் 177 கிரெடிட்டோடு ஹானர்ஸ் பட்டம்.

தமிழ்நாட்டுப் பக்கம்: மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி. இவை திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. மூன்றாண்டில் பி.எஸ்சி.

எதை முதலில் பார்ப்பது? இந்த வரிசையில் போங்கள்:

1. இட ஒதுக்கீடு. உங்கள் சாதிச் சான்றிதழ் கேரளத்தில் வாங்கியது என்றால், மாநில ஒதுக்கீட்டின் பலன் கேரளத்தில்தான். எல்லை தாண்டினால் பொதுப் பிரிவில் எண்ணப்படுவீர்கள் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பிக்கே இருப்பிடச் சான்று வேறு வேறு மாநிலத்தில் இருக்கிற ஊர் இது. ஒருவருக்குக் கிடைத்த பலன் மற்றவருக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.
2. மொழிப்பாடம். தமிழை மொழிப்பாடமாக எடுக்க விரும்பினால் கேரளத்தில் தமிழ்த்துறை உள்ள கல்லூரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யூனிவர்சிட்டி கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. மலையாள வழியில் படித்தவர் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்வதானால், முதல் பகுதியில் மலையாளம் எடுக்க முடியுமா என்று சேரும் முன் கேளுங்கள்.
3. நான்காம் ஆண்டு வேண்டுமா? ஆராய்ச்சிக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஹானர்ஸ் உதவும். குடும்பத்தில் சீக்கிரம் ஒரு வருமானம் தேவை என்றால் மூன்றாண்டே போதும்.
4. போக்குவரத்து. லேப் உள்ள நாளில் மாலை தாமதமாகும். கடைசி பஸ், பாறசாலை அல்லது குழித்துறை ஸ்டேஷனில் ரயில் நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குறிப்பு: கணக்கில் பலம் உள்ளவர்கள் விதுரையில் உள்ள திருவனந்தபுரம் ஐசரையும் மனத்தில் வையுங்கள். 2008-இல் தொடங்கிய இந்த மத்திய அரசு நிறுவனத்தின் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சேர்க்கை: படிப்படியாக

1. பிளஸ் டூ முடிவு வருமுன்பே வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுகளுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்த வாரத்தில் வில்லேஜ் ஆபீஸில் கூட்டம் அதிகம்.
2. தன்னாட்சி பெற்றவை தவிர மற்ற கேரளப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு ஒற்றைச் சாளர ஆன்லைன் விண்ணப்பம். விருப்ப வரிசையில், முதல் இடத்தில் உண்மையாக வேண்டிய கல்லூரியையே போடுங்கள். “கிடைக்கக்கூடியது எது” என்று பார்த்து வரிசை போட்டவர்கள், மேலே எழுதியது கிடைத்துவிட்டதால் கீழே எழுதியதை இழந்திருக்கிறார்கள்.
3. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளுக்குப் பொது ஆன்லைன் விண்ணப்பம். உதவிபெறும் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியில் நேரடியாக.
4. மாநிலம் மாறிச் சேர்ந்தால் இரண்டு தாள்கள் கூடுதலாக வேண்டும்: இடப்பெயர்வுச் சான்றிதழ், பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ். சேர்ந்த உடனே வாங்கிவிடுங்கள். கடைசிப் பருவத்தில் ஹால் டிக்கெட் நின்றுபோக இவையே காரணமாவது உண்டு.
5. பட்டத்தின் பெயரைப் படியுங்கள். வேதியியல், தொழில்துறை வேதியியல், பாலிமர் வேதியியல் என்று தலைப்புகள் மாறும். பின்னால் அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) வழியான வேலைக்கோ எம்.எஸ்சி.க்கோ அந்தத் தலைப்பு சமமாக ஏற்கப்படுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

துணைப்பாடம் எது?

தமிழ்நாட்டில் இதை அலைடு என்பார்கள். கேரளத்தில் இப்போது மைனர். வாய்ப்பு இருந்தால் கணக்கும் இயற்பியலும் எடுங்கள். எம்.எஸ்சி. இடம் தரும் பல நிறுவனங்கள் கணக்குப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அணுமின் நிலையப் பயிற்சியாளர் பணி போன்றவற்றிலும் இயற்பியலும் கணக்கும் சேர்ந்த பட்டத்தையே கேட்பது வழக்கம். மருந்து, உணவுத் துறை பிடிக்கும் என்றால் உயிரியல் பக்கம் போகலாம்.

லேப்: இந்தப் படிப்பின் இதயம்

ஒரு சோதனையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஆக்ஸாலிக் அமிலத்தை டைட்ரேட் செய்வது.

1. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைப் பிப்பெட்டில் 20 மில்லி எடுத்துக் கோனிக்கல் ஃபிளாஸ்க்கில் விடுங்கள். பிப்பெட்டில் வாய் வைக்காதீர்கள். ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்கள். நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். அந்தத் துளியை விட்டுத்தான் பிப்பெட்டின் அளவே குறிக்கப்பட்டிருக்கிறது.
2. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்க விட வேண்டாம்.
3. ப்யூரெட்டில் ஊதா நிறக் கரைசல். அடர்ந்த நிறம் என்பதால் கீழ்வளைவு தெரியாது, மேல்விளிம்பைப் படியுங்கள். எல்லா முறையும் அதே விளிம்பு.
4. முதல் சில துளிகள் நிறம் மாறாமல் கொஞ்ச நேரம் நிற்கும். பதறாமல் ஃபிளாஸ்க்கைச் சுழற்றுங்கள். பிறகு நிறம் சட்சட்டென்று மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அடுத்த துளிகளின் வேகத்தைக் கூட்டுகிறது.
5. வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவுப்புள்ளி.
6. இரண்டு அளவுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போகும் வரை திரும்பச் செய்யுங்கள்.

இடையில் கரைசல் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது அவசரமாக ஊற்றிவிட்டீர்கள். உண்டானது மாங்கனீஸ் டைஆக்ஸைடு. அந்த ஃபிளாஸ்க்கைத் தள்ளிவைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். “கொஞ்சம்தானே கலங்கியது” என்று அளவைத் திருத்தி எழுதாதீர்கள். இந்த ஒரு பழக்கத்தைப் பார்த்தே நல்ல வேதியியலாளரை அடையாளம் கண்டுவிடலாம்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாத எட்டு

1. பருத்திக் கோட், மூடிய செருப்பு, பாதுகாப்புக் கண்ணாடி. நைலான் துப்பட்டா தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; அதைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். முடியைக் கட்டிவிடுங்கள்.
2. தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், சிறிது சிறிதாக. ஆசிட்டில் ஒருபோதும் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும்.
3. உப்பு ஆய்வில் சோதனைக்குழாயின் வாயை உங்கள் முகத்துக்கோ பக்கத்து மாணவர் பக்கமோ திருப்பக் கூடாது.
4. வாசனை பார்க்கக் கையால் காற்றை உங்கள் பக்கம் விசிறிக்கொள்ளுங்கள். மூக்கைக் குழாயில் வைக்காதீர்கள்.
5. கரிம ஆய்வில் சோடியம் உலோகம் மண்ணெண்ணெய்க்குள் இருக்கும். மிளகின் அளவுத் துண்டு போதும். ஈரமான கை, ஈரமான குழாய் இரண்டும் ஆபத்து. மிச்சத் துண்டை வாஷ்பேசினில் போடாதீர்கள், ஆசிரியரிடம் கொடுங்கள்.
6. ஈதர், அசிட்டோன் இருக்கும் மேசையில் பர்னர் எரியக் கூடாது.
7. தோலில் ஆசிட் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். அதன் மேல் காரம் ஊற்றி “சரிக்கட்ட” வேண்டாம். அந்த வினையில் பிறக்கும் சூடு புண்ணைப் பெரிதாக்கும். கண்ணில் பட்டால் இமையை விரித்தபடி கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள்.
8. லேபில் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்.

வீட்டிலும் இதே விதி. ரப்பருக்கு வாங்கி வைக்கும் அடர் ஃபார்மிக் ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பாட்டிலை மாற்றிப் பெயர் எழுதி ஒட்டுவதுதான்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது. மதிப்பெண் கிடைக்கும், வைவாவில் “இந்த அளவு எங்கிருந்து வந்தது” என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். லேபில் எடுத்த அளவுகளைத் தனி நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், அழிக்காதீர்கள். மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு லேப்களிலும் இதே முறைதான்.
2. கரிம வேதியியல் வினைகளை மனப்பாடம் செய்வது. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் படியுங்கள். இருபது வினைகள் ஒரே வழியில் நடப்பது அப்போது தெரியும்.
3. ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்குவது. தமிழிலோ மலையாளத்திலோ படித்து வந்தவர்கள் ஒரு நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உங்கள் மொழியில் பொருள் என்று நாளைக்குப் பத்துச் சொல் எழுதுங்கள். ஒரு பருவத்தில் பயம் போய்விடும்.
4. முதலாண்டுத் தாளைப் பாக்கி வைப்பது. தமிழ்நாட்டில் அரியர், கேரளத்தில் சப்ளி. பெயர் எதுவானாலும் மூன்றாம் ஆண்டில் நுழைவுத் தேர்வுக்கான நேரத்தை அது தின்றுவிடும்.

ஆண்டு வாரியாக என்ன செய்ய வேண்டும்

முதல் ஆண்டு: லேப் அடிப்படை, கணக்கு, ஆங்கிலம். கேரள அறிவியல் தொழில்நுட்பச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பிரதிபா போன்ற உதவித்தொகைகளின் அறிவிப்பைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு: விடுமுறையில் ஒரு பயிற்சி. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமான நிஸ்ட் இருக்கிறது. அங்கே நேரில் போய் நிற்பதைவிட, உங்கள் துறைத் தலைவர் மூலம் ஆறு மாதம் முன்கூட்டியே கடிதம் அனுப்புவது பலன் தரும். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டு இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு: ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். கியூட் பி.ஜி. தேர்வையும் சேர்த்து எழுதுங்கள். ப்ராஜெக்டுக்கு ஊரிலேயே பொருள் இருக்கிறது: கிணற்று நீரின் கடினத்தன்மை, ரப்பர் பாலின் உலர் ரப்பர் அளவு, மரச்சீனியைத் தண்ணீர் மாற்றி வேகவைக்கும்போது குறையும் சயனைடு. சயனைடு ஆய்வை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

பட்டத்துக்குப் பின்: நான்கு வழிகள்

வழி 1: பி.எஸ்சி.யோடு வேலை. மருந்து, பெயின்ட், ரப்பர், உணவு, குடிநீர் லேப்களில் தரக்கட்டுப்பாட்டு கெமிஸ்ட். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். முதல் இரண்டு ஆண்டைக் கருவிகள் பழகும் காலமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்.பி.எல்.சி., யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டையும் தனியாக இயக்கத் தெரிந்தால் அடுத்த வேலை சுலபம். மருந்து உற்பத்தி விதிகளின்படி, வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த பட்டதாரி மூன்றாண்டு உற்பத்தி அனுபவத்துக்குப் பிறகு மருந்து உற்பத்தியை மேற்பார்க்கும் தகுதியான நபராக ஏற்கப்பட வழி உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் பி.எஸ்சி. பட்டதாரிகளை உதவித்தொகைப் பயிற்சியாளராக எடுக்கிறது. 60 சதவீதம் கேட்பது வழக்கம்.

வழி 2: எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சி. எம்.எஸ்சி. முடிக்கும் ஆண்டில் சி.எஸ்.ஐ.ஆர். நெட். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இதே எம்.எஸ்சி.க்குப் பின் மூன்றாண்டு உணவு ஆய்வு அனுபவமும் தேர்வில் வெற்றியும் இருந்தால் உணவுப் பகுப்பாய்வாளராகலாம்.

வழி 3: ஆசிரியர். இரண்டாண்டு பி.எட். தேவை. கேரள உயர்நிலைப் பள்ளிக்கு கே-டெட். ஹயர் செகண்டரிக்கு எம்.எஸ்சி., பி.எட்., செட். தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு. முதுகலை ஆசிரியருக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடம். எந்த மாநிலத்தில் வேலை வேண்டும் என்று பி.எட். சேரும் முன்பே முடிவெடுங்கள்.

வழி 4: பக்கத்துப் பாதைகள். தடய அறிவியல், சுற்றுச்சூழல், பாலிமர் மேற்படிப்பு. காப்புரிமை முகவர் தேர்வை அறிவியல் பட்டம் உள்ளவர்கள் எழுதலாம். மெடிக்கல் லேப் டெக்னீஷியன் வேலைக்கு மட்டும் வேதியியல் பட்டம் போதாது. அதற்குத் தனிப் படிப்பு வேண்டும்.

ஊரைச் சுற்றி நடக்கும் வேதியியல்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் இருக்கின்றன. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட்டைக் கண்டதிலிருந்து இந்தத் தொழில் தொடங்குகிறது. இன்று அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை. இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்ஸைடு செய்யும் டிராவன்கூர் டைட்டானியம் ஆலை திருவனந்தபுரம் கொச்சுவேளியில். அதே நிறமியைச் செய்யும் கே.எம்.எம்.எல். கொல்லம் சவறையில். தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம். இவற்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் பட்டியலாக எழுதி வைத்து, மாதத்தின் முதல் ஞாயிறு ஒருமுறை பாருங்கள்.

வளைகுடா போகிறவர்களுக்கு

கடல்நீர் சுத்திகரிப்பு, எண்ணெய், குடிநீர் லேப்களில் கெமிஸ்ட் தேவை உண்டு. பட்டத்துக்கு முதல் சான்றொப்பம், அதைக் கொடுத்த மாநிலத்தின் அரசிடமிருந்து வர வேண்டும் என்பதே பொது நடைமுறை. கேரளப் பட்டத்துக்கு நோர்க்கா. மனோன்மணியம் சுந்தரனார் பட்டம் என்றால் தமிழ்நாட்டு அரசு. பாறசாலையில் குடியிருப்பதால் எல்லாம் திருவனந்தபுரத்தில் முடிந்துவிடும் என்று நம்பிக் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். விசாவுக்கு ஏஜென்ட் பணம் கேட்டால், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகே பேசுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. சான்றிதழ்கள் எந்த மாநிலத்தில் வாங்கியவை என்று ஒரு தாளில் எழுதுங்கள்.
2. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு கல்லூரிகளுக்கு நேரில் போங்கள். லேபைக் காட்டச் சொல்லுங்கள்: கண் கழுவும் குழாய், தீயணைப்பான், வேலை செய்யும் புகைபோக்கி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.
3. அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஓர் அக்காவிடமோ அண்ணனிடமோ ஒரே கேள்வி கேளுங்கள்: “டைட்ரேஷனுக்கு ஆளுக்கு ஒரு ப்யூரெட் கிடைக்குமா?” ஆம் என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரியை உங்கள் பட்டியலின் மேலே எழுதுங்கள்.